கறுப்பு மை மட்டும் போதாது

தாத்தாவின் பழைய படத்தைத் திவசத்துக்குள் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “கறுப்பு வெள்ளைதானே, வீட்டுப் பிரிண்டரிலேயே எடுத்துடலாம்.” எடுத்தும் விடுவார்கள். பகலில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் முகத்தின் நிழல் லேசாகச் சிவந்திருக்கும். ராத்திரி டியூப்லைட்டில் அதே நிழல் பச்சை காட்டும். கலர் படம் பளிச்சென்று தரும் அதே பிரிண்டர்தான்.

இங்க்ஜெட்டில் எடுக்கக் கடினமானது கறுப்பு வெள்ளைப் படம்தான். அதைச் சுற்றி ஊறிப்போன சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

“கறுப்பு வெள்ளைக்குக் கறுப்பு மை மட்டும் இருந்தால் போதும்”

சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது; படத்தில் தெரியும் வெள்ளை, காகிதத்தின் வெள்ளை. நாலு மை பிரிண்டரில் சாம்பல் மையும் கிடையாது. அது மைத்துளியைப் போடும், அல்லது போடாமல் விடும். ஒரு துளி என்பது சில பிக்கோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் பங்குதான் ஒரு பிக்கோலிட்டர். துளிகள் நெருங்கி விழுந்தால் கருமை, விலகி விழுந்தால் சாம்பல். மற்றதைக் கண் நிரப்பிக்கொள்கிறது.

கறுப்பை மட்டும் வைத்து ஒரு கன்னத்தின் வெளிச்சப் பகுதியை அச்சிட்டால், துளிகள் மிக விலகி விழும். முகத்தில் மிளகுத்தூள் தூவியது போல இருக்கும். அதைத் தவிர்க்கத்தான் பிரிண்டர் சயான், மஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பலைச் செய்கிறது. இங்கேதான் நிறம் உள்ளே நுழைகிறது. மூன்றில் ஒன்று இம்மி கூடினாலும் சாம்பல் ஒரு பக்கம் சாயும். கலர் படத்தில் புடவை கொஞ்சம் பச்சை கூடியிருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சாம்பலில் அந்த அளவு பச்சையைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் விற்கும் நாலு மை பிரிண்டர்கள் பலவற்றில், கறுப்பு மட்டும் எழுத்துக்கான நிறமி மை. மற்ற மூன்றும் சாய மை. பளபளப்பான போட்டோ பேப்பரில் அந்த நிறமிக் கறுப்பு ஒட்டாது. ஆகவே செட்டிங்கில் ‘கிளாசி’ என்று தேர்ந்தெடுத்ததும், பிரிண்டர் கறுப்பு மையைத் தொடாமலே படத்தை முடிக்கிறது. தாத்தாவின் தலைமுடிக் கறுப்புகூட மூன்று வண்ணங்களின் கலவைதான். ‘கிரேஸ்கேல்’ என்ற கட்டத்தில் டிக் போட்டாலும் இது மாறுவதில்லை.

இதற்கு விடை, சாம்பலையே மையாக ஊற்றுவது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அச்சகம் நடத்திய ஜான் கோன், பிரிண்டரில் வண்ண மைகளை நீக்கிவிட்டு, கறுப்பின் வெவ்வேறு அடர்த்திகளை மட்டும் நிரப்பும் ‘பியஸோகிராஃபி’ முறையைக் கொண்டுவந்தார். 2005இல் எப்சன் ‘கே3’ மைகளை வெளியிட்டது: கறுப்பு, இளங்கறுப்பு, அதைவிட இளங்கறுப்பு என மூன்று படிகள். கூடவே கறுப்பு வெள்ளைக்கென்று தனி அச்சு முறையும் வந்தது. அதில் சாம்பலின் பெரும்பங்கை இந்த மைகளே சுமக்கின்றன. வண்ண மை துளியூண்டு, சாயலைத் திருத்த மட்டும்.

ஆகவே பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் ‘ஆறு கலர்’ என்ற சொல்லில் மயங்க வேண்டாம். கூடுதல் இரண்டும் வெளிர் சயான், வெளிர் மஜந்தா என்றால் கலர் முகங்களுக்கு நல்லது. கறுப்பு வெள்ளைக்குப் பெரிய உதவி இல்லை. அவற்றில் ஒன்று சாம்பல் மையா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

“காலையில் ஒரு நிறம், ராத்திரி ஒரு நிறம், பிரிண்டர் கெட்டுப்போச்சு”

கெடவில்லை. வண்ணங்களைக் கலந்து செய்த சாம்பல், விழும் ஒளிக்கு ஏற்ப மாறித் தெரியும். வெயில், டியூப்லைட், மஞ்சள் குண்டு பல்பு ஒவ்வொன்றிலும் நிறங்களின் பங்கு வேறு. கலவையில் உள்ள ஒவ்வொரு மையும் அந்த ஒளியைத் திருப்பும் விதமும் வேறு. புகைக்கரியில் செய்த சாம்பல் மை எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுங்குகிறது. அதனால் அதிகம் ஆடுவதில்லை.

நாலு மை பிரிண்டர் மட்டுமே கையில் இருந்தால் ஒரு வழி உண்டு. தூய சாம்பலைத் துரத்தாமல், படம் முழுவதற்கும் நீங்களே லேசான பழுப்புச் சாயல் கொடுங்கள். வேண்டி வைத்த சாயலுக்குள் வேண்டாத சாயல் அமுங்கிவிடும். பழைய குடும்பப் படங்களுக்கு அது பொருந்தியும் போகும். எந்த விளக்கின் கீழ் மாட்டப்போகிறீர்களோ, அந்த விளக்கின் கீழேயே சின்னத் துண்டு ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள்.

“இங்க்ஜெட் நிற்காது, ஸ்டூடியோ படம்தான் நிற்கும்”

இதில் பாதி உண்மை. சாய மை காகிதத்துக்குள் கரைந்து ஊறுவது. காற்றில் இருக்கும் ஓசோன் அதைத் தின்னும், வெளிச்சமும் தின்னும். அதிலும் மூன்று வண்ணங்கள் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. ஓசோன் சயானை முதலில் தாக்கினால் சாம்பல் செம்மை தட்டும். கண்ணாடி போடாமல் கூடத்தில் மாட்டிய படம் சீக்கிரமே ஆரஞ்சாக மாறுவது இதனால்தான்.

நிறமி மை வேறு சாதி. அதில் கறுப்பு என்பது நுண்ணிய கரித்துகள். ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய கோடு தெரிவதற்கு நம்மவர்கள் தடவிய விளக்குக் கரியும் அதே குடும்பம்தான். நூற்றாண்டுகள் கழிந்தும் அந்த எழுத்து கறுப்பாகத்தான் இருக்கிறது.

வெள்ளி உப்பில் கழுவிய ஸ்டூடியோ படமும் சாகாவரம் பெற்றதல்ல. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ ரசாயனத்தைச் சரியாக அலசாமல் விட்ட படங்கள் பழுப்பேறி மங்கியதை நம் வீட்டு ஆல்பங்களிலேயே பார்க்கலாம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ காகிதத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளின் கல்யாணங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றில் எது இன்றும் துல்லியமாக நிற்கிறது என்பது, அன்று இருட்டறையில் அலசியவர் எவ்வளவு பொறுமைசாலி என்பதையும் பொறுத்தது.

“டார்க்ரூம் கறுப்பு இதில் வராது”

மேட் காகிதத்தில் வராது, அது உண்மை. கறுப்பின் ஆழத்தை அடர்த்தி எண்ணால் அளக்கிறார்கள். அடர்த்தி 2 என்றால் விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கே திரும்புகிறது. பளபளப்பான வெள்ளிப் படம் 2.1 அளவுக்குப் போகும். மேட் பருத்திக் காகிதம் 1.6, 1.7க்குள் நின்றுவிடும். ஆனால் பேரியம் சல்பேட் பூச்சுள்ள ‘பரைட்டா’ காகிதத்தில், நல்ல நிறமி மையோடு, வெள்ளிப் படத்தை எட்டவும் தாண்டவும் முடிகிறது.

‘மேட் பிளாக்’, ‘போட்டோ பிளாக்’ என்ற இரண்டு கறுப்பு மைகளையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். போட்டோ பிளாக் மேட் காகிதத்தில் வெளிறும். மேட் பிளாக் பளபளப்பான காகிதத்தில் விரல் பட்டாலே உரியும்.

“திரையில் நன்றாக இருந்தது, பிரிண்ட் இருட்டாக வந்துவிட்டது”

பெரும்பாலும் குற்றம் திரையின் வெளிச்சத்தில். அதைக் குறைத்துவிட்டுப் படத்தைத் திருத்துங்கள். 5760 டிபிஐ என்ற பெட்டி எண்ணும் படத்தின் கூர்மையைச் சொல்வதல்ல. துளிகள் எத்தனை நெருக்கமாக விழும் என்பதைச் சொல்வது. படக்கோப்பில் அங்குலத்துக்கு 300, 360 புள்ளிகள் இருந்தால் தாராளம்.

அச்சானதும் ஒரு நாளாவது ஆறவிடுங்கள். பிறகு மவுண்ட் அட்டை வைத்துச் சட்டமிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடியோடு ஒட்டிய படத்தை மறுபடி பிரிக்க முடியாது. பழைய படத்தை ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளை என்பதற்காக ‘கிரே’ என்று வைக்காமல் கலரிலேயே செய்யுங்கள். பிறகு சிவப்புச் சேனலை மட்டும் எடுத்தால் மஞ்சள் கறைகள் பெருமளவு மறையும். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று மூலப்படத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துணியில் சுற்றாமல், பிளாஸ்டிக் உறையில் போடாமல், அமிலமில்லாத காகித உறையில் வைத்து, ஈரம் ஏறாத அலமாரியில் பத்திரப்படுத்துங்கள்.