தண்ணி தெளிக்காதே தங்கச்சி!

பூ வாங்கிட்டு வந்த கையோட சரத்து மேல தண்ணியைத் தெளிக்கிறியே, அதை முதல்ல நிப்பாட்டு. கடைக்காரங்க தெளிக்கிறாங்கன்னா, பூ வெயில்லயும் காத்துலயும் திறந்து கிடக்கு, இருட்டுறதுக்குள்ள வித்தாகணும். வீட்டுல மறுநாள் வரைக்கும் வைக்கிற மல்லிக்கு அது ஆகாது. இதழ் மேல தங்குற தண்ணிதான் பூவைப் பழுப்பாக்கி அழுக வைக்கும். அதுவும் நம்ம ஆய்க்குடியில, ஆனி ஆடியில குற்றாலச் சாரல் அடிச்சா காத்தே நனைஞ்சுதான் வரும். நீ வேற எதுக்குத் தெளிக்க?

மல்லியும் பிச்சியும் மொட்டா வாங்கு. நாளைக்கு வேணும்னா, விரியுறதுக்கு முன்னாடியே பிரிட்ஜுக்குள்ள போயிடணும். எவர்சில்வர் டப்பாவுல காஞ்ச பருத்தித் துணியை விரிச்சு, பூவை வாழையிலைத் துண்டுல சுத்தி வச்சு இறுக்கி மூடு. உள்ள வேர்க்கிற தண்ணியைத் துணி இழுத்துக்கும், மீன் குழம்பு வாடையும் பூவுல ஏறாது. சரமா இருந்தா வாழைநார்ல இருக்கிற ஈரமே போதும். பக்கத்துல பழம் மட்டும் வேண்டாம். பழுக்கிற வாழைப்பழமும் மாம்பழமும் எத்திலீன்னு ஒரு வாயுவை விடும், அது பட்டா பூ சீக்கிரம் வாடிடும். வெள்ளிக்கிழமைக்குன்னு பழத்தையும் பூவையும் ஒரே பையில போட்டு வைக்காதே.

கனகாம்பரத்துக்கு இவ்வளவு சீராட்டு வேண்டாம், வெளியிலேயே ரெண்டு நாள் நிக்கும். மணம் இல்லாததுக்கு அதாவது இருக்கட்டும்!

ஓணம் வந்தா நம்ம பக்கத்துப் பூவெல்லாம் புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போயிடும், விலையும் ஏறிடும். அப்ப இந்த டப்பா வித்தை நல்லாக் கைகொடுக்கும்.

காம்போட வாங்குற ரோஜா, சம்பங்கி, செவ்வந்தி கதை வேற. அதுகளுக்குத் தண்ணி வேணும், ஆனா சுத்தமா வேணும். தண்ணியில கிருமி பெருகினா காம்புக்குள்ள இருக்கிற நுண்ணிய குழாயெல்லாம் அடைச்சுக்கும். ஜாடி நிறையத் தண்ணி இருந்தும் ரோஜா தலை தொங்குறது அதனாலதான். ஜாடியைச் சோப்பு போட்டுக் கழுவு. தண்ணிக்குள்ள முங்குற இலையை எல்லாம் கிள்ளிடு. காம்பு நுனியைத் தண்ணிக்குள்ள வச்சே சாய்வா வெட்டு, வெளிய வெட்டினா காத்துக் குமிழி ஏறி அடைச்சுக்கும். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சீனி, ரெண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. தினம் தண்ணி மாத்தச் சோம்பல்னா சீனியே போடாதே, கிருமிதான் தின்னு கொழுக்கும். செப்புக் காசு போடச் சொல்லுவாங்க. இப்ப வர்ற ஒரு ரூபா, ரெண்டு ரூபாயெல்லாம் எவர்சில்வர், போட்டு ஒண்ணும் ஆகப் போறதில்ல. சம்பங்கி கீழயிருந்து மேல விரியும். அடியில வாடினதைக் கிள்ளிக்கிட்டே வா.

ஏட்டி, சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியைப் பாக்கப் போனா போட்டோவோட நிறுத்திக்கோ. அது எண்ணெய்க்கு விதைச்ச வெள்ளாமை. தோட்டக்காரரே ஒண்ணு ரெண்டு கொடுத்தா ஆழமான பாத்திரத்துல வை, தண்ணியை நிறைய இழுக்கும்.

சாமிக்கு வாங்குற அரளியைச் சாப்பாட்டோட பிரிட்ஜுல வைக்காதே. பூ, இலை, காம்பு எல்லாமே விஷம். தனிக் கூடையில போட்டு, ஈரத் துணியைப் பிழிஞ்சு மேல மூடு. கட்டி முடிச்சதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டு.