உலர்ந்த ரோஸ்ஹிப்: கோப்பைக்குள் வருவது எவ்வளவு?

ரோஜாவின் இதழ்கள் உதிர்ந்த பிறகு காம்பின் நுனியில் திரண்டு பழுக்கிற சிவப்புக் கனிதான் ரோஸ்ஹிப். ஐரோப்பாவின் வேலியோரங்களில் முட்புதராக வளரும் ‘ரோசா கேனினா’ என்ற காட்டு ரோஜாவின் பழத்தைத்தான் பெரும்பாலும் உலர்த்தி விற்கிறார்கள். இணையக் கடைகள் வழியாக அது இப்போது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. பொட்டலத்தைத் திருப்பிப் படித்தால் சளியில் தொடங்கி மூட்டுவலி வரை எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று போட்டிருக்கும். பழம் நல்ல பழம். அதன் தலையில் ஏற்றிவைத்த பாரத்தைத்தான் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கிறது.

‘ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி’ என்பது முதல் நம்பிக்கை. செடியிலிருந்து பறித்த பழத்துக்கு இது சரி. 100 கிராம் காட்டு ரோஸ்ஹிப்பில் சுமார் 426 மில்லிகிராம் இருப்பதாக அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணை சொல்கிறது. ஆரஞ்சில் 50 சொச்சம். ஆனால் நாம் 100 கிராம் பழத்தைத் தின்பதில்லை. ஒரு தேக்கரண்டி வற்றல் ஊறிய தண்ணீரைக் குடிக்கிறோம். காயும்போது கொஞ்சம், மாதக்கணக்கில் கிடங்கில் கிடக்கும்போது கொஞ்சம் என்று வைட்டமின் குறைந்துகொண்டே வரும். எந்த இனம், எங்கே விளைந்தது என்பதைப் பொறுத்தும் அளவு ஏறி இறங்கும். வைட்டமின் சி மட்டும்தான் வேண்டுமென்றால் தெருமுனைத் தள்ளுவண்டியில் ஒரு கொய்யாப்பழம் வாங்கித் தின்பது மேல்.

‘வெந்நீர் பட்டாலே வைட்டமின் போய்விடும், பச்சைத் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும்’ என்பார்கள். இதற்கு இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனிடம் நல்ல பதில் இருக்கிறது. ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு அஞ்சிக் கப்பல் போக்குவரத்து சுருங்கி, ஆரஞ்சு வரத்து அருகிப்போன காலம் அது. 1941 முதல் அரசே முன்னின்று, பள்ளிப் பிள்ளைகளையும் பெண்கள் சங்கங்களையும் வேலிகளில் ரோஸ்ஹிப் பறிக்க அனுப்பியது. நூற்றுக்கணக்கான டன் சேர்ந்தது. அதைச் சிரப்பாகக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள்.

வீட்டிலேயே காய்ச்சுவதற்கு உணவு அமைச்சகம் ஒரு செய்முறையும் வெளியிட்டது. அடுப்பில் முதலில் தண்ணீர் கொதிக்க வேண்டும். பழத்தைக் கொரகொரப்பாக அரைத்து, அரைபட்டது ஆறிக் கிடக்காமல் நேராகக் கொதிநீரில் விழ வேண்டும். மறுபடி கொதி வந்ததும் இறக்கி, கால் மணி நேரம் வைத்திருந்து, பிளானல் துணிப் பையில் வடிக்க வேண்டும். இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பழம் நசுங்கியதுமே அதிலுள்ள ஒரு நொதி, காற்றோடு சேர்ந்து வைட்டமின் சியைச் சிதைக்கத் தொடங்கிவிடும். கொதிநீர் அந்த நொதியை உடனே முடக்கிவிடுகிறது. நெடுநேரம் கொதிக்கவிட்டால் வைட்டமின் குறையும் என்பது உண்மைதான். அதற்காக வெந்நீரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. வற்றலைப் போடுவதற்குச் சற்று முன் லேசாகத் தட்டி, கொதித்த நீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் போதும்.

டீ எவ்வளவு சிவப்போ அவ்வளவு சத்து என்பதும் தவறு. கடையில் விற்கும் பல ‘ரோஸ்ஹிப் டீ’ப் பைகளின் அடர்சிவப்பும் நாக்கைக் கூசவைக்கும் புளிப்பும் செம்பருத்தி இனத்து ரோசெல்லிலிருந்து வருபவை. வெறும் ரோஸ்ஹிப் இளஞ்சிவப்பாகவோ வெளிர் ஆரஞ்சாகவோதான் இறங்கும். புளிப்பும் மென்மையாக இருக்கும்.

சளி விஷயத்துக்கு வருவோம். தினமும் வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டாலும் பொதுவாக மக்களுக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு கூறுகிறது. பிடித்த சளி நீடிக்கும் காலம்தான் பெரியவர்களுக்கு 8 சதவீதம், குழந்தைகளுக்கு 14 சதவீதம் அளவில் குறைந்தது. மாத்திரைக்கே இவ்வளவுதான். தொண்டைக்கு இதமாக இருப்பதற்காகக் குடியுங்கள், அது போதிய காரணம்.

மூட்டுவலி பற்றிய நம்பிக்கை வெறும் கட்டுக்கதை அல்ல. மூட்டுத் தேய்மானம் உள்ள 287 பேரிடம் நடந்த மூன்று ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008-இல் வெளியான பகுப்பாய்வில், வலி ஓரளவு குறைந்தது தெரிந்தது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது விதையும் தோலும் சேர்ந்த ரோஸ்ஹிப் பொடி, அதுவும் சுமார் மூன்று மாதம். அதன் பலனை ஒரு கோப்பை டீயின் கணக்கில் எழுதுவது நோயாளியை ஏமாற்றும் வேலை. இதை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது.

முகத்தில் பூசும் ரோஸ்ஹிப் எண்ணெயில் வைட்டமின் சி இருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய். வைட்டமின் சியோ நீரில் கரைவது. தோலை ஈரப்பதமாக வைக்க எண்ணெய் உதவும். சீக்கிரம் காறிவிடும் என்பதால் சின்னப் புட்டியாக வாங்கி இருட்டில் வையுங்கள்.

‘இயற்கைதானே, என்ன செய்துவிடும்?’ என்று கேட்பதற்கு முன் ஒரு பழத்தைப் பிளந்து பாருங்கள். விதைகளைச் சுற்றி மெல்லிய, விறைத்த மயிரிழைகள் அடைந்திருக்கும். ஐரோப்பியப் பிள்ளைகள் இவற்றைத்தான் ஒருவர் சட்டைக்குள் ஒருவர் போட்டு அரிப்பெடுக்கவைத்து விளையாடினார்கள். வாயிலும் தொண்டையிலும் அதே வேலையைத்தான் செய்யும். எனவே விதை நீக்கிய வற்றலாக வாங்குங்கள். எப்படியானாலும் நெருக்கமான துணியில் வடிகட்டாமல் குடிக்காதீர்கள். சிறுநீரகக் கல் வந்தவர்களும் உடலில் இரும்புச்சத்து மிகும் நோய் உள்ளவர்களும் இதைப் பொடியாகவோ மாத்திரையாகவோ அளவு மீறி எடுக்கக் கூடாது. பூச்சிமருந்து அடித்த தோட்டத்து ரோஜாவின் காயையும் தொட வேண்டாம்.

வற்றலின் முழுப் பலனையும் பெற ஸ்வீடன்காரர்களின் வழி சிறந்தது. அவர்களின் ‘நிப்போன்சோப்பா’ ஒரு ரோஸ்ஹிப் சூப். வற்றலை ஊறவைத்து, மெத்தென்று வேகவைத்து, அரைத்து, நன்றாக வடிகட்டி, கொஞ்சம் சர்க்கரையும் உருளைக்கிழங்கு மாவும் சேர்த்துக் கஞ்சிப் பதத்தில் காய்ச்சுகிறார்கள். டீயில் சக்கையோடு குப்பைக்குப் போகிற சதையும் அதன் கரோட்டினாய்டு நிறமிகளும் இதில் பெருமளவு வயிற்றுக்குள் போகின்றன. உருளைக்கிழங்கு மாவுக்குப் பதில் நம் சமையலறையில் சோள மாவு போதும். ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டாலும் ருசி கெடாது.