மலாக்கா அரசவையில் தமிழ் வழியினர்

முன்னுரை

பிறந்த மண்ணை விட்டுப் பிறநாட்டு மன்னரிடம் பணிபுரிந்தோர் வரலாறு ஆய்வுக்குரியது. இன்று ஒகினாவா எனப்படும் ரியூக்யூத் தீவு அரசில், 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து குடியேறியோர் குமே என்னும் ஊரில் தங்கி, அம்மன்னரின் அயல்நாட்டு மடல்களை வரைந்தனர். அம்மடல்களுள் சில மலாக்கா சுல்தானுக்கும் சென்றன. அம்மலாக்காவிலோ தமிழ் முஸ்லிம் வழியினர் உயர்பதவி வகித்தனர். அவர்தம் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் ஈண்டுக் காண்போம்.

பதவியும் பணியும்

மலாக்காவில் சுல்தானுக்கு அடுத்த நிலையினர் பெண்டாஹரா. கருவூலத்தைக் குறிக்கும் நம் 'பண்டாரம்' என்னும் சொல்லோடு உறவுடையது இப்பதவிப்பெயர். துறைமுகத்தை நான்கு ஷாபந்தர்கள் கவனித்தனர். குஜராத்தியர்க்கு ஒருவர், தமிழகம், வங்கம், பெகு முதலிய இடங்களின் வணிகர்க்கு ஒருவர், சாவகம் முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர், ரியூக்யூவினர் முதலியோர்க்கு ஒருவர். மரக்கலத் தலைவரை வரவேற்றலும், தங்க இடமளித்தலும், பெண்டாஹராவிடம் அழைத்துச் செல்லுதலும் இவர்தம் கடமைகள். 1512 முதல் அங்குத் தங்கிய போர்த்துக்கீசியர் தோமே பிரேஸ் இவற்றைக் குறித்துள்ளார். பல மொழியும் வணிக வழக்கும் அறிந்தோரையே இப்பணி வேண்டி நின்றது.

ஏற்றம்

'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூலின்படி, கெலிங் எனப்பட்ட தென்னிந்தியப் பகுதியிலிருந்து வந்தவர் மணி புரிந்தன். மலாய்ப் பெருங்குடியில் மணம் செய்த இவர்தம் மகள்வழிப் பேரரே, 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட சுல்தான் முசாபர் ஷா. மகன் துன் அலியும், அவர் மகன் துன் முத்தாஹிரும் பெண்டாஹரா ஆயினர். மூன்று தலைமுறைக்குள் வந்தேறி ஒருவரின் குடி அரசின் உச்சியை எட்டியது.

வீழ்ச்சி

துன் முத்தாஹிர் 1500 முதல் 1510 வரை பதவி வகித்தார். வணிகர் இருவரின் வழக்கில் நைனா சூர தேவனா என்பார் இரவில் தந்த பொன்னை அவர் ஏற்றார். செய்தியறிந்த எதிர்வழக்காளர் ராஜா முதலியார் அஞ்சினார். கடற்படைத் தலைவர்க்குப் பொருளளித்து, பெண்டாஹரா அரியணையைக் கவர முயல்வதாகச் சுல்தான் மஹ்மூதிடம் சொல்லச் செய்தார். உசாவலின்றியே பெண்டாஹராவும் உறவினரும் கொல்லப்பட்டனர். பின்னர் உண்மையறிந்து சுல்தான் வருந்தினார். மறு ஆண்டே, 1511இல், போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். இந்நூல் ஒரு நூற்றாண்டு கழித்து அரசவை சார்ந்து எழுதப்பட்டதாதலின், இதன் ஒவ்வொரு கூற்றையும் அளந்தே கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

வழக்கில் ஒரு பக்கத்தாரிடம் பொன் பெற்ற கை, பழி வந்த நாளில் தன் தூய்மையை மெய்ப்பிக்க இயலாது போயிற்று. உசாவாது தண்டித்த அரசோ தன் அறிவுடைத் துணையை இழந்தது. எம். புதுப்பட்டியிலிருந்தோ சிவகாசியிலிருந்தோ கணக்கும் மொழியும் கற்றுக் கடல் கடக்கவிருக்கும் நம் மாணவர்க்கு இவ்வரலாறு கூறுவது ஒன்றே: அயல்மண்ணில் அறிவு பதவியைத் தரும், அப்பதவியைக் காப்பது கைத்தூய்மையே.