நாடியை எண்ணுவோம், நோவைக் கேட்போம்

வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், "எத்தனை நாளா? எப்படி இருந்திச்சு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "காய்ச்சல் அடிச்சிச்சு ஐயா" என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். புசல்லாவை மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கிப் போகவே நேரமாகும். ஆகவே லயத்திலேயே சில அளவுகளை எடுக்கப் பழகுவோம்.

சூடு: பீலித் தண்ணீரில் நனைந்த கையால் தொட்டுப் பார்த்தால் யாருக்கும் சுடத்தான் செய்யும். தேர்மாமீட்டரைக் கம்கட்டில் வையுங்கள். 99.5 பாகை பரனைட் (37.5 செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல்.

நாடி: மலையேறி வந்தவுடன் பார்க்க வேண்டாம். பத்து நிமிடம் உட்கார வைத்து, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து, ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். உங்கள் பெருவிரலால் பார்த்தால் அதன் துடிப்பே குழப்பிவிடும். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை சரி.

மூச்சு: சொல்லாமல் எண்ண வேண்டும், சொன்னால் மூச்சு மாறிவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20. குழந்தை அழாமல் இருக்கும்போது எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு. உடனே காட்டுங்கள். நெஞ்சு உள்ளே இழுத்தால் தாமதிக்கவே கூடாது.

நோவு: இதற்குக் கருவி இல்லை. நோயாளி சொல்வதே அளவு. நோவே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாவிட்டால் 10. எண் சொல்லத் தெரியாத பாட்டியிடம், "கூடை வெறுங்கூடையா, அரைக் கூடையா, நிறைஞ்ச கூடையா?" என்று கேளுங்கள். எங்கே, எப்போதிருந்து, எதனால் கூடுது என்றும் கேட்க வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்கு முகச் சுளிப்பும், காலை மடக்குவதும், தூக்கினாலும் அடங்காத அழுகையுமே பதில்.

நம் தாய்மார் பலர், பேர் போயிடும் என்று பயந்து, "ஒண்ணுமில்ல, சும்மா நோவு" என்று மலைக்குப் போகிறார்கள். இன்னொரு தடவை கேளுங்கள். நெஞ்சு நோவோடு வேர்வையும் மூச்சுத் திணறலும் இருந்தால் 1990 இலவச அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

டெங்குவில் அதிக கவனம் தேவை. 2017இல் இலங்கையில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது கண்டது. சூடு இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். சூடு இறங்கியும் வயிற்று நோவு, வாந்தி, கைகால் சில்லிடுதல், மூத்திரம் குறைதல், நாடி வேகம் கண்டால், "காய்ச்சல் விட்டிடுச்சு" என்று இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், சொன்ன அளவில் கொடுங்கள்; அஸ்பிரின், இபுபுரூபன் வேண்டாம்.

பிள்ளைகளின் பழைய கொப்பியில் எழுதி வையுங்கள்: "காலை 6 மணி – சூடு 101, நாடி 104, மூச்சு 22, நோவு 6." போகும்போது மறக்காமல் அந்தக் கொப்பியையும் கொண்டு போவோம்.