சம்பளமும் மிச்சமும்



நம் கூலாய் வட்டாரத்து வணிகர் வீடுகளில் பட்டதாரிகள் பெருகி வருகின்றனர், அல்ஹம்துலில்லாஹ். பாட்டனார் நாகூரிலிருந்தோ கடையநல்லூரிலிருந்தோ கப்பலேறி வந்து கடைச் சிப்பந்தியாய் நின்றார். தந்தை சொந்தக் கடை கண்டார். பிள்ளைகளோ பட்டம் பெற்று, சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் உத்தியோகம் நாடிப் புறப்படுகின்றனர். இது மகிழத்தக்க விஷயமே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் மாதம் பத்தாயிரம் வெள்ளிக்கு வியாபாரம் நடந்தால், அதை இலாபம் என்று எந்த வணிகரும் சொல்லமாட்டார். கொள்முதல், கடை வாடகை, ஆட்கூலி, மின்சாரம் யாவும் போக நிற்பதே இலாபம். அதே வணிகர், மகனுக்கு வெளிநாட்டிலிருந்து வேலைக் கடிதம் வந்ததும், அதிலுள்ள தொகையை மூன்றால் பெருக்கி அகமகிழ்ந்து போகிறார். சம்பளம் என்பது விற்பனைத் தொகை, மிச்சமே இலாபம். கடைப் பேரேட்டில் நாம் அன்றாடம் கையாளும் இந்தப் பாடத்தைப் பிள்ளைகளின் உத்தியோகத்திற்கும் பொருத்திப் பார்ப்போம்.

1. அனுமதி

சிங்கப்பூரில் பட்டதாரிகளுக்கு உரிய அனுமதிகள் முக்கியமாக இரண்டு. உயர்ந்தது எம்ப்ளாய்மெண்ட் பாஸ். 2025 ஜனவரி முதல் இதற்குப் புதிதாக விண்ணப்பிப்போருக்குக் குறைந்தது 5,600 சிங்கப்பூர் வெள்ளி சம்பளம் இருக்கவேண்டும் என்றும், நிதித் துறையில் 6,200 வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. வயது கூடக் கூட இத்தொகையும் உயரும். சம்பளம் மட்டும் போதாது. 2023 செப்டம்பர் முதல் ‘காம்பஸ்’ என்னும் புள்ளி முறையில் 40 புள்ளிகள் பெறவேண்டும். பெரிய நிறுவனமாயின், விண்ணப்பிப்பவரின் நாட்டினர் அங்கே ஏற்கெனவே எத்தனை பேர் என்பதும் புள்ளியில் சேரும். ஆகவே தகுதி நிறைந்த பிள்ளைக்கும் அனுமதி கிடைக்காமற் போகலாம்.

அடுத்தது எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் இதற்குக் குறைந்த சம்பளம் 3,300 சிங்கப்பூர் வெள்ளி என்றாயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் இத்தனை விழுக்காடு ஆட்களைத்தான் எஸ் பாஸில் வைக்கலாம் என்ற வரம்பும், ஆளுக்கு மாதந்தோறும் தீர்வையும் உண்டு. அத்தீர்வையை முதலாளியே கட்டவேண்டும்; தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது குற்றம். இரண்டு அனுமதிகளும் முதலாளியோடு கட்டுண்டவை. வேலை போனால் அனுமதியும் போகும்.

2. பட்டத்தின் செல்வாக்கு

எல்லாப் பட்டமும் எல்லா நாட்டிலும் செல்லாது. பொறியியலுக்கு வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. மலேசியா 2009இல் அதில் முழு உறுப்பு நாடாயிற்று. அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் படித்தவருக்கே அதனால் பயன். மருத்துவத்திலோ கட்டுப்பாடு இன்னும் கடுமை. சிங்கப்பூர் ஒப்புக்கொண்ட வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கை 2020இல் 160இலிருந்து 103 ஆகச் சுருக்கப்பட்டது. பின்னர் சில சேர்க்கப்பட்டன. எனவே பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் நாளிலேயே, ‘இந்தப் பட்டம் எங்கே செல்லும்?’ என்று விசாரிப்பது அறிவுடைமை. சரக்கு வாங்கு முன்பே சந்தையைப் பார்ப்பவரன்றோ நாம்?

3. கணக்கு

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு வாலிபருக்குச் செனாயில் 3,500 ரிங்கிட் சம்பளத்திலும், சிங்கப்பூரில் எஸ் பாஸில் 3,300 வெள்ளி சம்பளத்திலும் வேலை கிடைக்கிறது. 1973 வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாய் மாறின. இப்பொழுது அங்குள்ள ஒரு வெள்ளிக்கு 3 ரிங்கிட் 20 காசு என்று கொண்டால், சிங்கப்பூர்ச் சம்பளம் 10,560 ரிங்கிட். பார்வைக்கு மும்மடங்கு.

இனிச் செலவு எழுதுவோம். சிங்கப்பூரில் அறை வாடகை 900, உணவு 500, பேருந்தும் தொலைபேசியும் 150, ஊர் வந்துபோக 100. ஆக 1,650 வெள்ளி. மிச்சம் 1,650 வெள்ளி, அதாவது 5,280 ரிங்கிட். நிரந்தரவாசி அல்லாத வெளிநாட்டவருக்கு அங்கே சேமநிதி கிடையாது.

செனாயில் வேலை பார்த்துப் பெற்றோர் வீட்டில் இருப்பவருக்கு உணவு, பெட்ரோல், இதர செலவு 1,200 ரிங்கிட் என்போம். ஊழியர் சேமநிதிக்கு அவர் பங்கு 11 விழுக்காடு, 385 ரிங்கிட். கையில் மிச்சம் 1,915. ஆனால் முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, 455 ரிங்கிட் கட்டுகிறார். இரு பங்கும் சேர்ந்த 840 ரிங்கிட் பிள்ளையின் சொத்தே. அதையும் கூட்டினால் 2,755.

சிங்கப்பூர் இன்னமும் இலாபந்தான். ஆனால் மும்மடங்கு என்றது இரு மடங்குக்கும் குறைந்துவிட்டது பாருங்கள். வாடகையை மிச்சம் பிடிக்கக் கூலாயிலிருந்தே நாள்தோறும் பாலம் கடந்து போனால், பணம் மிஞ்சும். உறக்கமும் உடல்நலமும் செலவாகும். அச்செலவையும் ஏட்டில் எழுதவேண்டும். சிங்கப்பூர் செல்லும் பிள்ளை தன் பெயரில் மலேசியச் சேமநிதியில் தானாகவே பணம் செலுத்தலாம். ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை அனுமதி 2023 முதல் உண்டு. முதல் மாதத்திலிருந்தே இதைப் பழக்கமாக்குதல் நலம்.

4. வளைகுடாக் கடிதம்

துபாய் வேலைக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் எது, படிகள் எவை என்று பிரித்துப் படியுங்கள். ஐக்கிய அரபு நாட்டுச் சட்டப்படி வேலை முடிவில் கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தம் 8,000 திர்ஹம், அதில் அடிப்படை 3,200 மட்டுமே என்றால், ஐந்தாண்டு முடிவில் 11,200 திர்ஹம் வரும். முழுத்தொகையும் அடிப்படையாக இருந்தால் 28,000 வரும். கடிதத்தின் ஒரே வரியில் 16,800 திர்ஹம் வித்தியாசம்!

5. முன்பணம்

அந்நாட்டுச் சட்டம் வேலைக்குச் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்கிறது. சிங்கப்பூரிலும் வேலை தருவதற்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் பெறுவது குற்றம்; ஏஜெண்டு வாங்கும் கட்டணமும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே பெருந்தொகையை முன்னால் கேட்பவரிடம் ஜாக்கிரதை. 2022இல் மலேசிய வாலிபர் பலர், அதிகச் சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்று மோசடிக் கும்பல்களிடம் சிக்கினர். தாயின் நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் அனுப்பப்படும் பிள்ளை, ஹராமான கடனைச் சுமந்து கொண்டே படியிறங்குகிறான். அந்தக் கடன் தீருமட்டும், கெட்ட முதலாளியை விட்டு விலகவும் அவனுக்குத் துணிவு வராது.

6. உள்ளூர்ச் சந்தை

2025 ஜனவரி 7ஆம் நாள் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டார ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. செனாய்–ஸ்கூடாய், செடெனாக் பகுதிகளும் அதில் அடங்கும். செடெனாக்கில் தகவல் மையங்கள் எழுந்துள்ளன. பாலம் கடக்கு முன் நம் வாசலிலுள்ள விலையையும் கேட்டுப் பார்க்கலாமே.

கையெழுத்திடு முன் ஒவ்வொரு குடும்பமும் ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும்: எந்த அனுமதி? பட்டம் செல்லுமா? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? செலவு போக மிச்சம் என்ன? முன்பணம் யார் கேட்கிறார், ஏன்? பதில்களை எழுத்தில் பெறுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே நமக்குக் கற்பிக்கிறது. கடையில் அதைப் பின்பற்றும் நாம் பிள்ளையின் வாழ்வில் மறக்கலாமா?

கணக்குப் பார்த்து அனுப்புங்கள்; துஆச் செய்து அனுப்புங்கள். நம் பிள்ளைகளின் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.