சிவாலிக் குன்றுகளும் காலக் கணக்கும்

பழைய நூலொன்றின் காலத்தைத் துணிய முற்படுவோர் முதற்கண் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். அந்நூலுள் மேற்கோளாக வந்த செய்யுள் நூலோடு ஒரு காலத்ததோ, அதனினும் முற்பட்டதோ? நூலின் காலத்தைக் காட்டும் சான்று நூலுக்குப் புறத்தே ஏதேனும் உண்டோ? இலக்கியம் பயில்வார்க்குப் பழகிய இவ்விரு வினாக்களையே நிலநூல் வல்லாரும் பண்டை ஆற்று வண்டலை நோக்கி எழுப்புகின்றனர். அவர்கள் விடை கண்ட வழியைச் சிவாலிக் குன்றுகளைக் கொண்டு ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

இமயத்தின் அடிவாரத்தே, பாக்கிஸ்தானத்துப் போட்வார் மேட்டுநிலம் முதலாக இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம், நேபாளம் ஆகிய இடங்களிற் பரந்து கிடப்பன இக்குன்றுகள். உயர்ந்துவந்த இமயத்தை அரித்து இழிந்த ஆறுகள், மணலையும் களிமண்ணையும் கூழாங்கல்லையும் அடுக்கடுக்காகப் பரப்பின. அவ்வடுக்குகள் பின்னர் நெருக்குண்டு மடிந்து குன்றுகளாயின. வெள்ளத்தில் மாண்ட விலங்குகளின் என்புகளும் அவற்றுட் புதைந்து கல்லாகிவிட்டன.

1830-ஐ அடுத்த ஆண்டுகளில், சகாரன்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த மருத்துவர் ஹியூ ஃபால்க்கனரும், கால்வாய்ப் பொறியாளர் பிராபி காட்லியும் இவ்வென்புகளைப் பெருவாரியாகத் திரட்டினர். ஒட்டகச்சிவிங்கியின் இனத்ததாய்ப் பெருங்கொம்புகள் வாய்ந்த ஒரு விலங்குக்கு 1836-இல் சிவபெருமான் பெயரால் 'சிவாதீரியம்' என்று பெயரிட்டனர். நெடுங்கோட்டு யானையினம் ஒன்று கணேசர் பெயரைப் பெற்றது. 1837-இல் இலண்டன் நிலநூற் கழகம் இருவர்க்கும் ஊலாஸ்டன் பதக்கம் அளித்தது.

இவ்விலங்குகள் வாழ்ந்த காலம் யாது? கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்பது தெளிவு. ஆயினும், தமையன் இன்னான், தம்பி இன்னான் என்றறிவதனால் அவர்தம் வயது விளங்காதன்றே? என்பின் பழமையைக் கொண்டு அடுக்கை அளந்து, அவ்வடுக்கைக் கொண்டே மீண்டும் என்பை அளப்பது சுழன்று வரும் வாதமாகும். கரியைக் கொண்டு காலங்காணும் முறையும் ஈண்டுப் பயன்படாது. கதிர்வீசும் கரியம் 5,730 ஆண்டுகளிற் பாதியாகக் குறைவது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளத்தற்குரிய அளவில் எஞ்சுவதில்லை. ஆதலின் என்பைச் சாராத வேறு சான்றுகள் வேண்டப்பட்டன.

முதற் சான்று எரிமலைச் சாம்பல். எங்கோ வெடித்த எரிமலையின் சாம்பல் காற்றில் வந்து வண்டலின்மேற் படியுமாயின், அது நாளிட்ட முத்திரை போன்றதாம். சாம்பலிலுள்ள ஸிர்க்கான் மணிகளில் யுரேனிய அணுக்கள் தாமே பிளந்து நுண்ணிய வடுக்களை உண்டாக்குகின்றன. யுரேனியத்தின் அளவையும் வடுக்களின் தொகையையும் ஒப்பிட்டால் மணியின் வயது புலனாகும். பொட்டாசியம் சிதைந்து ஆர்கான் என்னும் வளியாக மாறுவதை அளந்தும் சாம்பலின் வயதைக் காண்பர். ஆனால் சிவாலிக் அடுக்குகளிற் சாம்பற் படலம் அருகியே காணப்படுகின்றது.

இரண்டாஞ் சான்று நிலவுலகின் காந்தம். நீரில் மெல்லப் படியும் இரும்புச் சத்துடைய நுண்துகள்கள், அக்காலத்துக் காந்தப் புலத்தின் திசை நோக்கி அமைகின்றன. அப்புலமோ பன்முறை வடக்குத் தெற்காகத் தலைகீழாய் மாறியுள்ளது. இம்மாற்றத்தை 1906-இல் பெர்னார்ட் புரூன் எரிமலைப் பாறைகளிற் கண்டார். 1929-இல் மொட்டோனோரி மத்துயாமா அதனை வலியுறுத்தினார். இறுதியான நிலைத்த மாற்றம் நிகழ்ந்தது ஏறத்தாழ 7,73,000 ஆண்டுகளுக்கு முன்னர். வயது துணியப்பெற்ற எரிமலைப் பாறைகளையும் கடலடித் தளத்தையும் கொண்டு இம்மாற்றங்களின் நிரல் வகுக்கப்பட்டுள்ளது. 1970-க்குப் பின்னர் ஆய்வாளர் சிவாலிக் களிமண்ணை அடுக்குதோறும் எடுத்து, அதன் திசைமாற்றங்களை அந்நிரலோடு பொருத்தினர். பொருத்தம் ஓரிடத்தில் தவறினும் முழுதும் தவறுமாதலின், இடையிடையே கிடைத்த சாம்பற் படலமே அதற்கு ஆணியாய் நின்றது.

இங்ஙனம் இவ்வடுக்குகள் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சில இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வரையிற் படிந்தன என்பது பெறப்பட்டது. வட அமெரிக்காவிற் றோன்றிய மூவிரற் குதிரையினம் சிவாலிக்கில் முதன்முதல் வந்தது ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் என்பதும் துணியப்பட்டது.

காலக் கணக்கின் பயன் இவ்வளவில் நில்லாது. 1934-இல் எட்வர்ட் லூயிஸ், இமாசலத்து ஹரிதல்யாங்கரிற் கிடைத்த தாடையொன்றுக்கு 'ராமாபிதிகஸ்' என்று பெயரிட்டார். அதனை மனிதனின் முன்னோன் என்று பலர் நெடுங்காலம் கருதினர். 1967-இல் சாரிச், வில்சன் என்னும் இருவர், உடற்புரதங்களை ஒப்புநோக்கி, மனிதனும் ஆப்பிரிக்கக் குரங்கும் பிரிந்து 50 இலட்சம் ஆண்டுகளே ஆயின என்றனர். அவ்வாறாயின், ஒரு கோடி ஆண்டளவின் முந்தைய தாடை மனிதனின் முன்னோனது ஆதல் எங்ஙனம்? 1982-இல் போட்வாரிற் கிடைத்த முகவென்பு பற்றிய செய்தி வெளிவந்தது. அவ்வினம் ஒராங்குட்டானுக்கு நெருங்கியது என்பது அதனாற் புலனாயிற்று. முன்னோன் என்ற கருத்து வீழ்ந்தது. அடுக்கின் காலமோ வீழவில்லை.

இனி மேற்கோட் செய்யுளுக்கு வருவோம். ஆறு பழைய அடுக்கை அரித்து, அதிலுள்ள என்பைப் புதிய வண்டலிற் சேர்த்தலும் உண்டு. முனைகள் தேய்ந்த தனியென்பு அத்தகைய ஐயத்தை எழுப்பும். மூட்டுக் கலையாத எலும்புக்கூடு அதே இடத்திற் புதைந்ததெனக் கொள்ளத்தகும். இதனை நேரில் நோக்காது, பெட்டியிலுள்ள என்பை மட்டும் நோக்கித் துணிதல் அரிது. முற்காலத்தார் திரட்டியவற்றுட் பல, எவ்வடுக்கினின்று எடுக்கப்பட்டன என்னும் குறிப்பின்மையாற் காலம் அறியப்படாது கிடக்கின்றன.

ஆகவே, சுற்றுலாச் செல்லும் மாணவர் ஆற்றங்கரையிற் கல்லாகிய பல்லொன்றைக் காண்பாராயின், அதனைப் பெயர்த்தெடாது, இடத்தைக் குறித்து, அறிந்தார்க்கு அறிவிப்பதே முறை. சுவடியினின்று பிரிந்த ஒற்றை ஏட்டைப் போன்றதே அடுக்கினின்று பிரிந்த என்பும். எழுத்து அழியாதிருப்பினும், அது எந்நூலின் எவ்விடத்தது என்று பின்னர்ச் சொல்வார் இலர்.