ஐந்து வெற்றி, ஒரு தோல்வி

அன்புத் தங்கச்சிக்கு,

இந்தப் பருவம் சாஃப்ட்பாலில் நீ பந்து வீசிய ஆட்டங்களில் ஐந்து வெற்றி, ஒரு தோல்வி. 83 விழுக்காடு. "எதிரணிகளின் நல்ல பிள்ளைகள் எல்லாம் மாநிலப் பயிற்சிக்குப் போயிருந்தார்கள், அதனால் கிடைத்த வெற்றி" என்று பத்தாங் பெர்ஜுந்தை திடலில் யாரோ சொன்னதைக் கேட்டு உன் முகம் வாடிப்போனதாக அம்மா சொன்னார்.

இதே பேச்சை வாழ்நாளெல்லாம் கேட்ட ஒருவர் இருந்தார். அமெரிக்க பேஸ்பாலில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் இடக்கைப் பிட்சர், ஹால் நியூஹவுசர். இரண்டாம் உலகப் போரின்போது இதயக் கோளாறால் அவரைப் பட்டாளத்தில் சேர்க்கவில்லை. 1943-இல் 8 வெற்றி, 17 தோல்வி, 32 விழுக்காடு. 1944-இல் அதே கைக்கு 29 வெற்றி, 9 தோல்வி, 76 விழுக்காடு. ஜோ டிமாஜியோ, டெட் வில்லியம்ஸ் போன்ற பெரிய மட்டையாளர்கள் போருக்குப் போயிருக்கையில் யார்தான் ஜெயிக்க மாட்டார் என்றார்கள். ஆனால் அவர்கள் 1943-லும்தான் இல்லை! அப்போது 17 முறை தோற்றாரே, அது எப்படி?

பதில் வேறொரு கட்டத்தில் இருக்கிறது. 1943-இல் 195 இன்னிங்ஸ் வீசி 111 பேரை 'வாக்' கொடுத்துச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பினார். மறு வருடம் 312 இன்னிங்ஸில் 102 பேர்தான். கேட்சர் பால் ரிச்சர்ட்ஸ் அவரை உட்காரவைத்துத் திருத்தியதாகச் சொல்வார்கள். 1946-இல் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். 26 வெற்றி, 9 தோல்வி. அப்படியும் 'போர்க்காலப் பிட்சர்' என்ற பேர் போகவில்லை. பேஸ்பால் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்க்க 1992 ஆனது.

உன் கணக்கையும் அப்படிப் பிரித்துப் பார். ஒரு வெற்றியில் உன் அணி 14 ஓட்டம் எடுத்துக் கொடுத்தது. அன்று நான் வீசியிருந்தாலும் ஜெயித்திருப்போம். 1–0 என்று தோற்றாயே, அதுதான் உன் சிறந்த ஆட்டம். நீ ஒரு 'வாக்' கூடக் கொடுக்கவில்லை. மூன்றாம் பேஸில் நின்ற பிள்ளை பந்தை நழுவவிட்டாள், அவ்வளவுதான். அவளிடம் கோபித்துக்கொள்ளாதே, மழை பெய்து புல் வழுக்கியது.

உன்னிடம் குறை இருப்பது நான்காவது இன்னிங்ஸில். களைத்ததும் கை சுழன்று இறங்கும்போது இடுப்பை விட்டு விலகுகிறது, பந்து தோளுக்கு மேல் போகிறது. ஸ்கோர் ஏட்டைப் புரட்டு: நீ கொடுத்த 'வாக்'களில் பாதிக்கு மேல் அங்கேதான். மாலையில் ஓடிக் களைத்தபிறகு முப்பது பந்து வீசு. களைக்காத கையால் வீசிப் பழகி இதில் பயனில்லை.

மாநிலப் பயிற்சிக்குப் போனவர்கள் திரும்பியதும் ஒரு நட்பு ஆட்டம் வைக்கச் சொல்லி ஆசிரியரிடம் நீயே கேள். முடிந்ததும் ஏட்டைப் படம் எடுத்து அனுப்பு. யார் ஜெயித்தார்கள் என்று எழுத வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்